ஏழு வரி

பத்து மணிக்கு வந்துவிடுவதாகப் போனில் சொல்லியிருந்த ரேஞ்சர் பத்தேகாலுக்கும் வரவில்லை. ரேஞ்ச் ஆபீஸ் வராந்தாவில் ஒரே ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. அதன் ஒரு கோடியில் சாருமதி உட்கார்ந்திருந்தாள். மறு கோடியில் ஆற்றோடு போன பெண்ணின் அப்பா. நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அவள் டாக்ஸியிலிருந்து இறங்கியதுமே அவர் எழுந்து வந்து, "மேடம், நான் அம்புரோஸ், ஹெப்சியோட அப்பா. வள்ளியூரு. பஸ் டெப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர்டு ஆயாச்சு" என்று சொல்லிக் கும்பிட்டிருந்தார். கும்பிடுவார் என்று அவள் நினைக்கவில்லை. ரயிலில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த அம்புரோஸ் கத்துகிறவர், கையை நீட்டி நீட்டிப் பேசுகிறவர், அழுதாலும் அழுவார். அவருக்குச் சொல்ல அவளிடம் நாலைந்து வாக்கியங்கள் இருந்தன, எல்லாமே மேடையில் சொல்லிப் பழகிய நிதானமான வாக்கியங்கள். கும்பிடுகிற மனிதருக்குச் சொல்ல ஒன்றுகூட இல்லை. பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, ரொம்ப வருத்தமா இருந்தது சார் என்றாள். இருந்தது என்று ஏன் சொன்னோம், முடிந்துபோன மாதிரி. ஏழு வாரம்தானே ஆகிறது. வராந்தாவில் பினாயில் வாடை. அதற்குக் கீழே ஈரக் காக்கித் துணியின் வாடை. சுவர் ஓரமாகப் பிடிபட்ட மரத் துண்டுகள் அடுக்கிக் கிடந்தன, ஒவ்வொன்றின் முகத்திலும் சுண்ணாம்பில் ஓர் எண். அவள் எண்களைப் படித்தாள், திரும்பப் படித்தாள். அம்புரோஸின் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது, அதற்குள் அவளுடைய கட்டுரையின் நகல், சில வரிகளுக்குக் கீழே நீல மையில் கோடு. எந்த வரிகள் என்று இங்கிருந்து தெரியவில்லை. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை. போலீஸ் விசாரணையெல்லாம் முடிஞ்சாச்சு மேடம், அப்பா ஒரு மனு கொடுத்திருக்கார், நீங்க எப்படிக் கடந்தீங்கன்னு ஒரே ஒரு வாக்குமூலம், பதினஞ்சு நிமிஷ வேலை, என்று ரேஞ்சர் போனில் சொல்லியிருந்தார். எப்படிக் கடந்தீர்கள். அவ்வளவுதான் கேள்வி. தனியாகக் கடந்தேன் என்று கட்டுரை சொல்கிறது. லட்சம் பேர் படித்திருக்கிறார்கள். அது பொய்.

அந்தப் பொய்யைத் தெரிந்த ஒரே ஆள் இருபதடி தள்ளிக் குழாயடியில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதே ஆள்தானா என்று முதலில் சந்தேகமாக இருந்தது. மூன்று நாள் முழுக்க அவனுடைய முதுகையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டே நடந்தவளுக்கு முகம் அவ்வளவாக நினைவில்லை. அவன் குனிந்து வாளியைத் தூக்கியபோது இடது குதிகாலில் இருந்த வெடிப்பு தெரிந்தது. வேலப்பன். வேலப்பன் காணி. இந்த மலையின் காணிப் பழங்குடி, வேட்டைத் தடுப்புக் காவலன், தினக்கூலி. காட்டுக்குள் வெளியாட்கள் போக வேண்டுமென்றால் மாவட்ட ஆபீஸ் கடிதம் வேண்டும், கூடவே ஒரு காணி போக வேண்டும், இரண்டு பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவளிடம் கடிதம் இல்லை. சிபாரிசு இருந்தது. அப்போது இருந்த பாரஸ்டர், இப்போது மாற்றலாகி எங்கோ போய்விட்டார், பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "வேலப்பா, அம்மா பத்திரிகைல எழுதுறவங்க, முத்துக்கல் ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வா" என்றார். அவன் சரி சார் என்றான். வேறு என்ன சொல்ல முடியும். மூன்று நாளும் அவள் பை அவன் தோளில்தான் இருந்தது. முதல் நாள் ஒரு பாறையடியில் அவள் போனை எடுத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பியில் மாட்டித் தன்னைப் படம் எடுக்கப் பார்த்தபோது, பின்னால் அவனுடைய காக்கிச் சட்டை வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா என்றாள், மரியாதையாகத்தான். அவன் தள்ளி நின்றான். இன்னும் கொஞ்சம். அவன் பாறைக்குப் பின்னால் போனான். மறுநாள் காலை அவள் பையைத் தொட்டதுமே, "போட்டோவா அம்மா?" என்று கேட்டுவிட்டு அவனே போய்விட்டான், மரத்துக்குப் பின்னால், சுமையோடு. மூன்றாம் நாள் கேட்கவும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டான் என்று அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தோமா, உண்மையில்? சிரித்தோம். சென்னைக்கு வந்து ஒரு தோழியிடம் சொல்லியும் சிரித்தோம். பார், காட்டில் இருக்கிற ஆளுக்குக்கூட கேமரா கோணம் தெரிகிறது.

"தண்ணி வேணுமா மேடம்? சுட வச்சு ஆறின தண்ணி" என்று அம்புரோஸ் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் சார் என்றாள்.  "ரேஞ்சரு வர பதினோரு மணி ஆயிரும். போன தடவயும் அப்பிடித்தான். ஒம்பது மணின்னு சொல்லிட்டு ஒரு மணிக்கு வந்தாரு." அவர் சிரித்தார். சிரிக்கிறார், எப்படிச் சிரிக்க முடிகிறது. பிறகு, காலின் மேல் ஏறிய எறும்பைத் தட்டிவிடுவது போல் சாதாரணமாக, "நீங்க என்ன செருப்பு போட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டார். ஷூ சார், மலை ஏறுறதுக்குன்னு இருக்கு. "அடி கட்ட எப்பிடி? பட்டன் பட்டனா இருக்குமா?" ஆமா சார். "அவ கேன்வாஸ்ல போனா. அதுதான் கால வாரிட்டோன்னு எனக்கு ஒரு ரோசன. ஆனா ஷூவு கால்லயே இருந்திச்சு, அடிய நான் பாத்தேன், தேய்மானம் இல்ல." அவர் கையை ஷூவின் அடிபோல் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினார், விரல் இடுக்குகளில் போகாத கறுப்பு. "முப்பத்தொரு வருசம் பிரேக்கு பாத்தேன் மேடம். பஸ்ஸு நிக்கலன்னா ஒண்ணு ஆயில் இல்ல, இல்லன்னா லைனிங் தேஞ்சு போச்சு, இல்லன்னா ஓட்டுனவன் தூங்கிட்டான். காரணம் இல்லாம ஒண்ணும் நிக்காமப் போவாது. இவங்க தவறி விழுந்துட்டான்னு எழுதிட்டாங்க. ஏன் தவறுனா? எங்க தவறுனா? ஒங்களுக்குத் தெரியும்லா, அதான் ஒங்களக் கேக்கலாம்னு." அவள் தலையசைத்தாள். தெரியும். எந்தக் கல் என்றுகூடத் தெரியாது, அதுதான் வேடிக்கை. அவள் கல்லைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வேலப்பன் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக நின்று தோளைக் கொடுத்தான். அவள் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த பிடியில் மேல் பட்டன் தெறித்துத் தண்ணீரில் போனது. நடு ஆற்றில் அவள் அழுதாள், சத்தமாக, மூக்கு ஒழுக. அவன், "இந்த எடத்துலதான் அம்மா நம்ம பழைய பாரஸ்டர் பேண்ட்ட ஆத்துக்குக் குடுத்தாரு, துண்டக் கட்டிக்கிட்டுதான் ஊருக்குள்ள வந்தாரு" என்றான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது, சிரித்துக்கொண்டிருந்தபோதே அக்கரை வந்துவிட்டது. காலை எட்டரை மணி. தண்ணீர் முழங்காலுக்கு மேல் நாலு விரல். அவ்வளவுதான் ஆறு.

ஆற்றின் முன் நின்றேன். யாருமில்லை. முதல் கல்லில் கால் வைத்தேன். பயம் அக்கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படித்தான் அச்சில் வந்தது. அந்தக் கடைசி வரியை யாரோ அவளுடைய படத்தின் மேல் எழுதிப் போனுக்குப் போன் அனுப்ப, ஒரு மாதத்தில் அவளுக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள், எழுதியது அவள்தான் என்று தெரியாமல். இதைப் படியுங்கள் மேடம், இன்ஸ்பிரேஷன். ஆனால் முதலில் எழுதியது அது இல்லை. முதலில் எழுதியதில் வேலப்பன் இருந்தான். அவன் என்றுகூட இல்லை, அவர் என்றிருந்தது. எழுத்தில் அவர், மனசுக்குள் அவன், அதையும்தான் கவனித்தோமா. 'உச்சிப்பொழுது திரும்பிய பிறகு இந்த ஆற்றைக் கடக்கக் கூடாது என்றார் வேலப்பன். இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் சத்தமே இல்லாமல் முழங்காலிலிருந்து நெஞ்சுக்கு வந்துவிடும் என்றார்.' அதற்குப் பிறகு அவன் சொன்ன மாதிரியே ஒரு வரி, 'உச்சி திரும்பினா தண்ணி நம்ம பேச்சக் கேக்காது.' பிறகு தோள், காலர், பட்டன். மொத்தம் ஏழு வரி. உதவி ஆசிரியர் பாலமுகுந்தன் போன் செய்தான். "மேடம், அருமையா இருக்கு. ஆனா ஒரு காணி வந்துக்கிட்டே இருக்காரே. 'ஒருத்தி மட்டும்'னு தொடருக்குப் பேர் வச்சுட்டு ரெண்டு பேரா நடந்தா வாசகிகளுக்கு ஏமாத்தமா இருக்காதா?" அவள், அதெப்படி, அவர் இருந்தாரே என்றாள். சொன்னோமா? சொன்னோம் என்றுதான் நினைவு. "இருந்தார் மேடம், யார் இல்லன்னாங்க. வாட்ச்மேன், டிரைவர் எல்லாரும்தான் எப்பவும் இருக்காங்க. அவங்களையா எழுதுறோம்?" அவள் சிரித்தாள். போனை வைத்துவிட்டு ஏழு வரியையும் கறுப்பாக்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவன் போனான். அவன் பேச்சோடு ஆறும் போனது. அதை அப்போது கவனிக்கவில்லை. இந்த ஏழு வாரமாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வருவது இதைத்தான், கவனிக்கவில்லை. கைப்பிசகு. ஒரு குழந்தையைத் தொட்டிலோடு சேர்த்து விற்றுவிட்டதைப் போல. என்ன உவமை இது, இப்போதும் உவமை வருகிறதே உனக்கு. மதியத்துக்கு மேல் கடக்க வேண்டாம். நாலு சொல். அவன் பெயர் இல்லாமலே நிற்கும் நாலு சொல். எங்கே வேண்டுமானாலும் செருகியிருக்கலாம், கடைசியில் ஒரு பெட்டி போட்டு, கவனிக்க என்று. ஆனால் அப்படிச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று எவளாவது கேட்பாள். முதல் தடவை ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறவளுக்கு மதியம் தண்ணீர் ஏறும் என்று யார் சொன்னது? யாருமில்லை என்றாயே. ஆகவே கவனித்தாய். மெய்ப்பு வந்தபோது அந்த இடத்தில் ஒரு நிமிஷம் கண் நின்றது, பால் அடுப்பில் இருக்கிறதே என்பதுபோல் ஏதோ ஒன்று மனதில் தட்டியது. தொள்ளாயிரம் சொல்லுக்குள் அடங்கிவிட்டதா என்று பார்த்தாய், அடங்கியிருந்தது, அனுப்பினாய்.

இல்லை, அப்படியில்லை, அது அவ்வளவு தெளிவாக நடக்கவில்லை, இப்போது உட்கார்ந்து தெளிவாக்கிக்கொள்கிறோம், அதுவும் ஒரு கட்டுரைதான். கணுக்கால் அரித்தது. அந்தப் பயணத்தில் அட்டை கடித்த இடம், பதினோரு மாதமாகியும் மழை மேகம் கண்டால் அரிக்கும். சொறிந்தாள். அம்புரோஸ் பார்த்தார். "அட்டையா? அவளுக்கும் கடிச்சிருந்திச்சு, நாலு எடத்துல." எங்கே பார்த்தாலும் அவர் மகள் உடம்பு கிடக்கிறது. கழிப்பறை எங்கே என்று கேட்க வேண்டும், கேட்டால் காட்டுவதற்கு வேலப்பனைத்தான் அனுப்புவார்கள். அடக்கிக்கொண்டாள். தெருமுனை மருந்துக்கடைக்குத் தனியாகப் போய்வரத் தெரியாது உனக்கு, என்று முரளிதரன் சொல்வார், பன்னிரண்டு வருஷம் அவர் மனைவியாக இருந்ததில் வாரம் ஒரு முறையாவது. விவாகரத்து ஆனபின் அவர் படிப்பார் என்றுதான் தொடரையே ஆரம்பித்தாள். படித்தாரா தெரியாது. அவர் சொன்னதும் சரிதான், அதுதான் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம். லாட்ஜ் அறையில் டிவியை நிறுத்தாமல்தான் படுப்பாள், கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலி, அதன் மேல் பை. பனிமலைக்குப் போனது பதினோரு பேர் கொண்ட கூட்டத்தோடு. மற்றப் பத்துப் பேர் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்த படம்தான் புத்தக அட்டை. கடலோர நடைக்குப் பின்னாலேயே ஆட்டோ வந்தது, ஓட்டியவர் நாலு மணி நேரமும் முதல் கியரில் ஓட்டிவிட்டு வண்டி சூடாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஒரு கல்லூரியில், தனியாகப் போகும்போதுதான் நாம் நம்மைச் சந்திக்கிறோம் என்று பேசினாள், முந்நூறு பெண்கள் கைதட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் தமிழ்த்துறைத் தலைவியிடம் ஸ்டேஷன் வரைக்கும் யாராவது வருவாங்களா என்று கேட்டாள். யார் யாரைச் சந்தித்தது. ஹெப்சியின் கடிதமும் அந்தக் கல்லூரிப் பேச்சுக்குப் பிறகு வந்ததுதான். மேடம், நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறேன், நாள் முழுக்க ஊசியும் பஞ்சும், எனக்கு இருபத்து நாலு வயசு, தனியாக நாகர்கோவில் வரைகூடப் போனதில்லை, முத்துக்கல் ஆறு கட்டுரையை லேப் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், நானும் அந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும். இப்படி வாரத்துக்கு இருபது வரும். எல்லோருக்கும் அனுப்ப ஒரு பதில் தயாராக இருந்தது. அன்புத் தோழிக்கு, போங்கள், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள், போய்வந்து எழுதுங்கள். ஹெப்சிக்கும் அதுதான் போனது. பெயரைக்கூட மாற்றவில்லை, தோழி எல்லோருக்கும் பொது. அதைப் போலீஸ்காரர்கள் அந்தப் பெண்ணின் போனில் படித்திருப்பார்கள். அம்புரோஸும்.

வேலப்பன் வாளியோடு வராந்தாவுக்கு முன்னால் வந்தான். ஈரக் காலின் தடம் சிமெண்டில் பதிந்து உடனே காய்ந்தது. அம்புரோஸ் அவனைக் கூப்பிட்டார். "தம்பி, டீ கெடைக்குமா இங்க?" கீழே செக்போஸ்ட்டுலதான் சார், வாங்கியாரவா என்றான். "வேண்டாம் தம்பி, ஒன் வேலயப் பாரு. சாப்ட்டியா நீ?" சாப்ட்டேன் சார். அவளைப் பார்க்கவில்லை. பார்வை அவள் இருந்த இடத்தை, ஒரு தூணைத் தாண்டிப் போவது போலத் தாண்டிப் போனது. "இந்தத் தம்பிதான் மேடம் எறங்கித் தூக்குனது" என்றார் அம்புரோஸ், அவன் போனபின். "ரெண்டு நாளு தேடுனாங்க. மூணு மைலுக்குக் கீழ ஒரு மரத்துல தட்டிக் கெடந்திருக்கா. சீலயால மூடித் தோள்லயே சுமந்துட்டு வந்தான். நல்ல பய." அந்தத் தோள். அவள் எழுந்து வராந்தாவின் முனை வரை போய்விட்டு வந்தாள். பழைய ஏலக்காய் எஸ்டேட் பாதை வழியாகப் போனால் செக்போஸ்ட் வராது என்று அவள்தான் எழுதியிருந்தாள், ஒரு சின்னக் குறும்பாக, விதியை மீறுகிற ருசியோடு. அது வேலப்பன் கஞ்சி காய்ச்சும்போது பேச்சுவாக்கில் சொன்னது. அந்த வரி மட்டும் எப்படித் தங்கியது? அதில் அவன் இல்லை, அதனால் தங்கியது. அதே கஞ்சி வேளையில்தான் அவன் இன்னொன்றும் சொன்னான், பதினோரு வருஷம் தினக்கூலி அம்மா, இந்த வருஷம் நிரந்தரப் பட்டியல்ல என் பேரு வந்துரும்னு சொல்லியிருக்காங்க, பெரிய மகள டவுன் பள்ளிக்கூடத்துல போடணும். பதிவேட்டில் ஏற்றாமல் ஒருத்தியைக் காட்டுக்குள் கூட்டிப்போனான் என்று இன்று அவள் சொன்னால் பட்டியல் இல்லை, கூலியும் இல்லை. பாரஸ்டர் சொன்னார் என்று அவன் சொல்லலாம். பாரஸ்டர் இல்லை என்பார். ஆகவே சொல்லக்கூடாது. இது நேற்று ரயிலில், மதுரை தாண்டியபோது அவளுக்குக் கிடைத்தது. கிடைத்ததும் எவ்வளவு நிம்மதி, இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டாள். அவனுக்காகத்தான் தனியாகப் போனேன் என்று சொல்லப்போகிறேன். ஓர் ஏழைக் காணியின் பிழைப்புக்காக. இவ்வளவு அழகான காரணம் ஒரு பொய்க்குக் கிடைப்பது அபூர்வம். தொட்டால் கையில் ஒட்டாது. ஆனால் பெஞ்சின் மறுகோடியில் ஒரு மனிதர் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஏன் தவறினாள், எங்கே தவறினாள். சாருமதி தனியாகக் கடந்தாள் என்றால் கடக்கக்கூடிய ஆறுதான். கடக்கக்கூடிய ஆற்றில் போனவள் மீதுதான் பிசகு. ஷூவின் அடியை ஏழு வாரமாகத் தடவிப் பார்த்தவர் இனி மகளைத் தடவிப் பார்ப்பார், எந்த இடத்தில் தேய்ந்திருந்தாள் என்று. சாகும் வரை.

ஜீப் வந்தது. ரேஞ்சர் இளைஞர், நெற்றியில் வியர்வையோடு இறங்கியவர், "சாரி மேடம், சாரி சார், மேல ஒரு யானை இறங்கிருச்சு" என்று இருவரையும் உள்ளே கூப்பிட்டார். எழுத்தர் ஒரு தாளை மேஜையில் வைத்தார். டைப் செய்து தயாராக இருந்தது. "நீங்க சிரமப்பட வேண்டாம்னு கட்டுரைல இருந்தே எழுதிட்டோம். வனத்துறை அனுமதியோ, பணியாளர் உதவியோ இல்லாம, எஸ்டேட் பாதை வழியாத் தனியாச் சென்று, தனியாகவே ஆற்றைக் கடந்தேன். கையெழுத்து மட்டும் போதும். அனுமதி இல்லாம போனதுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அதோட முடிஞ்சுது." பேனாவை நீட்டினார். எல்லோருக்கும் அந்தத் தாள் சௌகரியமாக இருந்தது. அம்புரோஸ் உட்காரவில்லை. "ஒரு நிமிசம் சார். மேடம் வாயால ஒரு தடவ சொல்லிட்டாங்கன்னா எனக்குத் திருப்தியா இருக்கும்." அவள் பக்கம் திரும்பினார். "தனியாத்தான் கடந்தீங்க, இல்லியா மேடம்? யாரும் கை கிய் குடுக்கலல்லா?" ஆமாம் என்பதற்கு உதடு குவிந்தது. ஆமாம் சார், தனியாகத்தான். மதுரையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே வேலப்பன் இரண்டாவது ஜீப்பின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான், தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"இல்ல" என்றாள். "கூட ஆள் இருந்தார். அதோ, அவர். அவர் தோளப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடந்தேன்."

எழுத்தர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். ரேஞ்சரின் முகத்தில் யானை இறங்கிய செய்தியைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று வந்து போனது. "வேலப்பா!" அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றான். "இந்த மேடத்த நீ உள்ள கூட்டிட்டுப் போனியா?" அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான், முதல் தடவையாக, நேராக, கொஞ்ச நேரம். அவள் கண்ணால் என்னவோ சொல்ல முயன்றாள், மன்னிப்பா, கெஞ்சலா, அவளுக்கே தெரியவில்லை.

"இல்ல சார்" என்றான். "இந்த அம்மாவ இன்னிக்குத்தான் பாக்கேன்."

"பொய்" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "மூணு நாள். என் பைய நீங்கதான... பாரஸ்டர் பேண்ட் போன கதை சொன்னீங்களே..."

"எனக்குத் தெரியாது சார். வேற யாரும் போயிருப்பாங்க. நான் அந்த மாசம் கீழ் பீட்டு டூட்டில இருந்தேன், ரெஜிஸ்டர்ல இருக்கு."

"போ" என்றார் ரேஞ்சர். அவன் போய்விட்டான். ரெஜிஸ்டரில் இருக்கும், அதுதான் உண்மை. அவள் அம்புரோஸைப் பார்த்தாள். அவர் முகத்தில் இவ்வளவு நேரமும் இருந்த மரியாதை மெல்ல வடிந்துகொண்டிருந்தது. "யம்மா" என்றார், மேடம் போய்விட்டது. "ஒங்கள நான் ஒரு வார்த்த குத்தம் சொன்னேனா? எதுக்கு அந்தப் பாவப்பட்டவன் தலைல கொண்டு வைக்கீங்க? எம்பிள்ளயச் சுமந்தவன் அவன்." இல்லை சார், அப்படியில்லை என்றாள். எப்படி? அவன் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது? அந்தக் கட்டுரை எழுதியபோது அவளுக்கு வராத வாக்கியம் இப்போது வந்தது, எவர் பெயரும் இல்லாமல், மிகச் சுலபமாக.

"மதியத்துக்கு மேல அந்த ஆத்தக் கடக்கக் கூடாது சார். தண்ணி ஏறும். எனக்கு அது தெரியும். நான் எழுதல."

அம்புரோஸ் அவள் பக்கம் ஓரடி வந்தார். "எத்தன மணிக்கு மேல?"

"பன்னெண்டுக்கு மேல."

"நீங்க எப்பக் கடந்தீங்க?"

"காலைல எட்டரை."

அவர் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறவர் போல. "ஒண்ணே முக்காலுக்கு மேட்டுல இருந்து போன் பண்ணுனா. 'சிக்னல் கெடச்சிட்டுப்பா'ன்னா. 'சாப்ட்டியாட்டி'ன்னேன். ஆத்தக் கடந்துட்டு சாப்பிடுதேன்னா. சரின்னு சொல்லிட்டேன்." பிளாஸ்டிக் உறையை மேஜையில் வைத்தார், அவள் பக்கமாகத் திருப்பி. நீலக் கோடுகள் இப்போது தெரிந்தன, கோணலாக, அடிக்கோல் வைக்காமல் போட்டவை. எஸ்டேட் பாதை. வலது பக்கம் திரும்பும் ஒற்றைப் பலா. முதல் கல். "அவ போறதுக்கு முந்தின வாரம் நான் இத ரெண்டு தடவ படிச்சேன்மா. கோடு போட்டது நானு. பொம்பளப் பிள்ளயத் தனியா அனுப்புதோமே, எங்கயாவது ஆபத்துன்னு எழுதியிருக்கான்னு தேடித் தேடிப் படிச்சேன். ஒரு எடத்துலயும் இல்ல. அதனாலதான் போன்னு சொன்னேன்."

ரேஞ்சர் தொண்டையைச் செருமினார். "சார், தண்ணி ஏறுறது இறங்குறதெல்லாம் இதுல சேக்க முடியாது. யார் சொன்னா, என்ன ஆதாரம்னு மேல கேப்பாங்க. மேடம், இதுல இருக்கிறதே போதும், நீங்க..." பேனா மேஜையில் உருண்டு அவள் விரலில் முட்டி நின்றது. அம்புரோஸ் உறையை எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனார். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், "கொஞ்சம் முகம் கழுவிக்கிடுதேன் தம்பி", அதற்கு வேலப்பன், "இருங்க சார், அந்தத் தண்ணி செகப்பா வரும், நல்ல தண்ணி கொண்டாரேன்."

அவள் தாளைப் படித்தாள். தனியாகச் சென்று, தனியாகவே. டைப்பில் ஒரு பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டாள். எழுத்தர், தேதியும் போட்டுருங்க மேடம் என்றார். தேதி போட்டாள்.